சொந்த மனையில் வீடு: குடவோலை முதல் லைன் வீடு வரை

நம்ம ஊர்ப் பாடப் புத்தகங்களில் உள்ளாட்சி என்ற பாடம் உத்திரமேரூரில்தான் தொடங்கும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலை, பானைக்குள் ஓலை, சிறு பையன் எடுத்துக் கொடுப்பது என்று வரும். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவன் தமிழன் என்று மேடையில் முழங்குகிறவர்களும் அங்கேதான் தொடங்குவார்கள். நானும் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.

அந்தக் கல்வெட்டில் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்று தகுதி சொல்லியிருக்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும்; நிலம் குறைந்தாலும் வேதம் கூடுதலாக இருந்தால் போதும். அது ஒரு சதுர்வேதி மங்கலத்துச் சபை, பார்ப்பனர்களின் சபை. அந்த ஊர் நிலத்தில் சேற்றை மிதித்தவர்களின் பெயரை எந்தப் பானையிலும் போட்டுக் குலுக்கவில்லை.

வேதம் என்ற நிபந்தனையைப் பற்றி நம் தோழர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது இன்னொரு நிபந்தனையைப் பற்றி. சொந்த மனையில் சொந்த வீடு. இந்த ஒன்று மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகச் சாகவே இல்லை. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, வாழ்க்கையிலிருந்து போகவில்லை. நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையில் இருக்கிற சேரம்பாடியில் நின்று பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

சேரம்பாடி, சேரங்கோடு ஊராட்சியில் இருக்கிறது. பந்தலூர் வட்டம், கூடலூர் ஊராட்சி ஒன்றியம். நீலகிரியில் மொத்தம் 35 கிராம ஊராட்சிகள். அதில் கூடலூர் ஒன்றியத்துக்கு ஐந்தே ஐந்து. ஐந்து ஊராட்சிக்குள் இத்தனை மலை, இத்தனை காடு, இத்தனை எஸ்டேட். சமவெளித் தோழர்கள் ஊராட்சி என்றதும் ஒரு ஊர், ஒரு சேரி, நடுவில் ஒரு தெரு என்று நினைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. ஊர்க்காரன், சேரிக்காரன் என்று கோடு கிழிக்க ஊரே இல்லை. கம்பெனி எல்லை, காட்டிலாகா எல்லை, ஜென்ம நிலத்தின் எல்லை என்று மூன்று கோடு. இந்த மூன்றுக்கும் இடையில் மிச்சம் கிடக்கிற ரோட்டோரம்தான் ஊராட்சி.

இது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதி முன்பு மலபார் ஜில்லாவில் இருந்த தென்கிழக்கு வயநாடு. நம்பாலக்கோடு, முன்னநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்களையும் 1877-ல் பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். அம்சம் என்றால் மலபாரின் வருவாய்க் கிராமம். அதிகாரி, மேனோன், கோல்க்காரன் என்று மூன்று பேர் அதை ஆண்டார்கள். தீர்வை வசூலிப்பதும் கணக்கு எழுதுவதும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதும்தான் ஆட்சி. நிலம் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜென்மிகளின் கையில். ஜென்மியிடம் குத்தகைக்கு வாங்கி வெள்ளைக்காரன் முதலில் காப்பி போட்டான். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். தங்கம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கவிழ்ந்தன. பிறகு தேயிலை. ஆனால் காட்டை வெட்டின கை யாருடையது? முதலில் பணியர்கள். மானந்தவாடி வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஆண்டுக் கூலிக்கு நிலக்காரர்களால் பேசி முடிக்கப்பட்ட அடிமை மக்கள். பிறகு கங்காணி, மேஸ்திரி கூட்டிக்கொண்டு வந்த சமவெளிக் கூலிகள். அதில் நம் மக்களே பெரும்பகுதி.

இதே காலத்தில்தான் இந்தியாவில் உள்ளாட்சி பிறந்ததாகச் சொல்கிறார்கள். 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம். 1884-ல் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கீழே யூனியன். நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் பணத்தில் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். ஆரம்பத்தில் பெரும்பாலான உறுப்பினர்கள் நியமனம்; தேர்தல் வந்தபோதும் வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. வரி கட்டுகிறவன் எவன்? நிலம் உள்ளவன், வீடு உள்ளவன். உத்திரமேரூர் நிபந்தனை இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சட்டை தைக்கப்பட்ட ஊரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ளாட்சியின் அடிப்படை அலகு பங்கு. நம்ம ஊரில் பங்குச் சாமியார் என்கிறோமே, அந்தப் பங்கு. தேவாலயத்தில் பாதிரியார் அங்கி மாட்டுகிற அறைக்கு வெஸ்ட்ரி என்று பெயர். அந்த அறையில் கூடிய கூட்டமே ஊரின் சபை ஆனதால் சபைக்கும் அதே பெயர் வந்தது. 1601-ன் ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்குத் தானே சோறு போட வேண்டும். அதற்கு வீடு, நிலத்தின் மேல் வரி. நல்ல சட்டம்போலத் தெரியும். ஆனால் 1662-ல் இன்னொரு சட்டம் வந்தது. வேறு பங்கிலிருந்து பிழைக்க வந்தவன் ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் குடியேறினால், நாளைக்கு நம் தலையில் விழுவான் என்று புகார் செய்து 40 நாளுக்குள் அவனைச் சொந்தப் பங்குக்கே துரத்தலாம். நீ எந்த ஊர்க்காரன், உன் அப்பன் எந்த ஊர்க்காரன் என்பதுதான் ஏழையிடம் அரசு கேட்ட முதல் கேள்வி. ஏழைகள் குடியேறி உரிமை கேட்டுவிடக் கூடாது என்று குடிசைகளையே இடித்துப் போட்ட நிலக்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

சபையில் ஓட்டு எப்படி? 1818-ல் ஸ்டர்ஜஸ் பூர்ன் என்பவர் கொண்டுவந்த சட்டப்படி 50 பவுண்டு மதிப்புக்குக் கீழே சொத்துள்ளவனுக்கு ஒரு ஓட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 25 பவுண்டுக்கும் ஒரு ஓட்டு கூடும். அதிகபட்சம் ஆறு ஓட்டு. ஒரே மனுசனுக்கு ஆறு ஓட்டு! வயல் கூலிகள் ஜோசப் ஆர்ச் என்ற கூலித் தொழிலாளியின் தலைமையில் 1872-ல் சங்கம் கட்டினார்கள். 1884-ல் நாட்டுப்புறக் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பாராளுமன்ற ஓட்டு கிடைத்தது. 1894-ல்தான் பங்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் வந்தது. ஆணானாலும் பெண்ணானாலும் நிற்கலாம் என்றார்கள்.

ஓட்டு வந்தது, கவுன்சில் வந்தது. ஆனால் கூலி குடியிருந்த வீடு பண்ணை முதலாளியின் வீடு. வேலை போனால் வீடு போகும். முதலாளிக்கு எதிரே நின்று கவுன்சிலில் கை தூக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அந்த வீட்டிலிருந்து சட்டென்று வெளியேற்ற முடியாதபடி பண்ணைத் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு 1976-ல்தான் வந்தது. கவுன்சில் வந்து 82 ஆண்டுகள் கழித்து. வெள்ளைக்கார நாட்டில், ஒரே நிறம், ஒரே மதம் உள்ள மக்களுக்கே இந்தக் கதி.

அந்த வீட்டுக்கு நம் மலையில் பெயர் லைன் வீடு. எல்லைக்கு அந்தப் பக்கம் பாடி. எங்கம்மா பேச்சில் லயம்.

எங்கம்மா சிலோனில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாக இந்த மலைக்கு வந்தவர். அவர் மாதிரி வந்தவர்களின் கதையைச் சொல்லாமல் சேரம்பாடியின் உள்ளாட்சி வரலாற்றை எழுத முடியாது. இலங்கையில் கிராமச் சபைகளை விரிவாக்கச் சட்டம் போட்ட 1930-களின் கடைசியில், தோட்டத்தில் குடியிருக்கும் இந்தியத் தொழிலாளிக்கு அந்தச் சபையில் ஓட்டு இல்லை என்று எழுதினார்கள். 1948-ல் குடியுரிமையையே பறித்தார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். ஆடு மாடு பிரிக்கிறவன்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பான். இந்த மக்களை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. 1662-ன் சட்டம் ஏழையைப் பங்கு விட்டுப் பங்கு துரத்தியது. இவர்களைக் கடல் தாண்டித் துரத்தினார்கள்.

வந்தவர்களுக்காக 1968-ல் அரசு காட்டிலாகா மூலம் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1975-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், டேன்டீ, ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், பாண்டியார் என்று இந்தப் பக்கமே பல கோட்டங்கள். வேலை கிடைத்தது, கூரை கிடைத்தது. இதை மறுக்கக் கூடாது. மனைப்பட்டா கிடைக்கவில்லை. சிலோனில் லயம், இங்கே லைன். இரண்டு நாட்டிலும் கூரை வேலைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் நாம் பேசியாக வேண்டும். நமக்கு வேலை கொடுக்க வெட்டின காடு யாருடைய காடு? பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் குறும்பருக்கும் அந்தக் காடுதான் வீடு. அவர்களை யாரும் ஒப்பந்தம் போட்டுப் பிரிக்கவில்லை. ஒப்பந்தமே இல்லாமல் ஓரம் கட்டினார்கள். 1988 டிசம்பர் 5-ல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் கொடியின் கீழ் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் நடந்து நில உரிமை கேட்டார்கள். நிலமற்றவனை இன்னொரு நிலமற்றவனின் நிலத்தில் குடியேற்றுவது அரசுக்குச் சுலபமான தர்மம். இதைப் புரிந்துகொள்ளாமல் சிலோன்காரனும் ஆதிவாசியும் முட்டிக்கொண்டால் ஜென்மிக்கும் கம்பெனிக்கும்தான் கொண்டாட்டம்.

இனி ஊராட்சிக்கு வருவோம். 1958-ன் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1951-ல், மத்திய அரசு தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டது. தோட்டத்தில் வீடு, குடிதண்ணீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் தோட்ட முதலாளி தர வேண்டும். போராடிப் பெற்ற சட்டம். குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்போது 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதையும் கரைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மற்ற ஊரில் பஞ்சாயத்து செய்கிற வேலையை இங்கே முதலாளி செய்வான் என்றால், முதலாளிதான் இங்கே பஞ்சாயத்து. தேர்தல் இல்லாத, கிராம சபை இல்லாத, கணக்குக் கேட்க முடியாத பஞ்சாயத்து.

மலைப்பக்கத்து ஒரு கிராம சபையில் நான் கேட்டது இது. எந்த ஊராட்சி என்பது முக்கியமில்லை, எல்லா எஸ்டேட் பகுதிக்கும் பொருந்தும். ஒரு அம்மா எழுந்து, "எங்க லைனுக்கு வர்ற ரோட்டுல ஜீப்புகூட ஏறமாட்டேங்குது. பிள்ளைத்தாச்சிய தூக்கிட்டு வர்றோம். ரோடு போட்டுக் குடுங்க" என்றார். "அது எஸ்டேட் ரோடுங்கம்மா, நாங்க கை வைக்க முடியாது" என்று பதில் வந்தது. "அப்ப ஓட்டுக் கேக்க மட்டும் அந்த ரோட்டுல எப்படி வந்தீங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைப் போடக் கூடாது என்பது விதி. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று அரசாணை வாங்கினார். நம் உள்ளாட்சி உரிமையின் முதல் சாசனங்களில் ஒன்று அது. அதன் உயிர் பொது என்ற சொல்லில் இருக்கிறது. எஸ்டேட்டில் பொது என்று ஒன்று இல்லவே இல்லை. சாலை தனியார், கிணறு தனியார், சுடுகாட்டுக்குப் போகும் வழிகூடத் தனியார். தடுத்தால்தானே தீண்டாமை? பொதுவே இல்லாத இடத்தில் தடுக்க வேண்டிய தேவையே இல்லை.

இலங்கையிலும் இதே பூட்டுதான் இருந்தது. 1987-ன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்குள் சபையின் பணம் போகவிடாமல் வைத்திருந்தது. மலையக மக்கள் விடாமல் கேட்டுக் கேட்டு 2018-ல் அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். நம்மைத் துரத்திய நாட்டில் அந்தப் பூட்டைச் சட்டத்தால் திறந்துவிட்டார்கள். வரவேற்ற நாட்டில்?

இங்கே எஸ்டேட்டுக்கு வெளியிலும் பூட்டு. 1969-ன் 24-ஆம் சட்டம், கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம், 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்ட சட்டம். 1972-லேயே உச்ச நீதிமன்றம் அதன் காடு பற்றிய பகுதியைச் செல்லாது என்றது. பிறகு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் போட்டார்கள். அதையும் எதிர்த்த வழக்கு ஒன்பது நீதிபதிகள் வரை போய் 2007 ஜனவரியில் தீர்ப்பானது. ஐ.ஆர். கொயலோ வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய மாபெரும் தீர்ப்பு. படிக்கிற மாணவர்களில் எத்தனை பேருக்கு அது கூடலூர் நிலத்தில் தொடங்கிய வழக்கு என்று தெரியும்? 'செக்‌ஷன் 17' நிலம் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். குத்தகையில் கிடந்த, தீராத நிலம். அதில் குடியிருப்பவர்கள் பட்டா இல்லாமல் கரண்டுக்கு நாயாய் அலைந்தார்கள்.

இப்போது அம்பேத்கர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். 1932-ல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்றார். 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குட்டிக் குடியரசு என்று புகழ்ந்தவர்களின் முகத்தில் அறைந்து, அது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் பொந்து என்ற பொருள்படப் பேசினார். ஆனாலும் அதே மாதம் பஞ்சாயத்துக்கான 40-ஆம் பிரிவு சேர்ந்தது. அவர் பயந்தது வீண் பயமில்லை என்று 1997 ஜூன் 30-ல் மேலவளவு காட்டியது. தனித் தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டு நம் ஆளை நாற்காலியில் உட்காரவே விடவில்லை.

சமவெளியில் நாற்காலிக்குக் கத்தி வந்தது. மலையில் வேறு விதம். 73-ஆவது திருத்தமும் 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தபின் 1996 தேர்தலிலிருந்து இங்கே தலித்துகளும் ஆதிவாசிகளும் பெண்களும் உறுப்பினர்களாக வந்தார்கள். கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியும்கூடத் தனித் தொகுதிகள் ஆகிவிட்டன. உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தபின் கை நீட்டுகிற திசையெல்லாம் கம்பெனி நிலம், காட்டிலாகா நிலம், வழக்கு நிலம். நாற்காலியைத் தந்துவிட்டுத் தரையை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாற்காலியும் எப்போதும் இருப்பதில்லை. 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-ல். 1991-ல் காலம் முடிந்து மறுபடி 1996 வரை அதிகாரிகள் ஆட்சி. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கு முறையாக இடம் ஒதுக்கவில்லை என்பது வழக்கின் முக்கியமான புகார். தப்பு செய்தது அரசு எந்திரம். மூன்று வருசம் பஞ்சாயத்து இல்லாமல் கிடந்தது ஜனம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2025 ஜனவரி 5-ல் அந்தக் காலமும் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். அம்சத்து அதிகாரியின் பேரன்கள் போகவே இல்லை.

"எஸ்டேட்ல எல்லாம் சும்மா குடுக்கறான், அப்புறம் என்ன?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. ஓய்வுபெறும் நாளில் வந்து பாருங்கள் என்பேன். முப்பது நாற்பது வருசம் கொழுந்து பறித்த பொம்பளை, 58 வயசில் பேரேட்டிலிருந்து பெயரை அடித்ததும் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பல தோட்டங்களில் வீட்டைக் கொடுத்தால்தான் பணிக்கொடை. போகிற இடம் எது? சிலோனிலும் இல்லை, பாட்டன் பிறந்த புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலும் யாரும் இல்லை. 2022 அக்டோபரில் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தைக் காட்டிலாகாவுக்குத் திருப்பி ஒப்படைக்க அரசாணை வந்தபோது இந்தப் பக்கத்து லைன்களில் இருந்த பதற்றத்தை நான் பார்த்தேன். தேயிலை திரும்பக் காடாகலாம். காடு வேண்டும்தான், ஆனையும் பிழைக்க வேண்டும்தான். ஆனால் அந்த மண்ணில் ஐம்பது வருசம் இருந்தவர்களின் கருத்தைக் கேட்கிற கிராம சபை எங்கே? நிலம் கைமாறுகிறதென்று ஊராட்சியிடம் எவன் கேட்டான்?

ஆகவே தோழர்களே, உள்ளாட்சி என்றால் இடஒதுக்கீடு, தேர்தல், நிதி என்ற அளவில் நம் பேச்சு நின்றுவிடக் கூடாது. இவை மூன்றும் வேண்டும், விட்டுக்கொடுக்க முடியாது. அதற்கு அடியில் ஒன்று இருக்கிறது. யாருடைய கூரையின் கீழ் குடியிருக்கிறோமோ அவனுக்கு எதிராகக் கை தூக்க முடியாத சபை, சபையே இல்லை. இங்கிலாந்தின் வயல் கூலிக்கு அதைப் புரிந்து சட்டமாக்க 82 ஆண்டு ஆனது. நமக்கு அவ்வளவு காலம் இல்லை.

கேட்க வேண்டியவை தெளிவானவை. லைனில் குடியிருப்பவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் அவர்கள் பெயரில், பெண்ணின் பெயரும் சேர்ந்து, மனைப்பட்டா. தோட்டத்துக்குள் ரோடும் தண்ணீரும் விளக்கும் போட ஊராட்சிக்குச் சட்ட உரிமை. இலங்கையில் திருத்த முடிந்ததை இங்கே திருத்த முடியாதா? செக்‌ஷன் 17 நிலத்தில் குடியிருக்கும் சிறு குடிகளுக்குத் தீர்வு. ஆதிவாசிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் 2006-ன் வன உரிமைச் சட்டப்படியான கிராம சபை உயிரோடு நடக்க வேண்டும். அந்தச் சபை பரிந்துரைத்தால் வன நிலத்தில் ஒரு ஹெக்டேருக்குள் பள்ளியும் சாலையும் குடிநீர்க் குழாயும் போடச் சட்டமே வழி சொல்கிறது. நம் கோரிக்கையும் அவர்கள் கோரிக்கையும் ஒரே மனுவில் வர வேண்டும்.

சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் எருமாட்டிலும் அய்யன்கொல்லியிலும் இருக்கிற இளைஞர்கள் முதல் வேலையாக ஒன்று செய்யலாம். அவரவர் லைனில் எத்தனை வீடு, எத்தனை வருசமாக இருக்கிறார்கள், எந்த நிலத்தில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிழவிகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தேதி உட்பட நினைவிருக்கிறது. உத்திரமேரூர்க்காரன் தன் விதியைக் கல்லில் வெட்டி வைத்தான். நம் கணக்கு இதுவரை முதலாளியின் செக்ரோலில் மட்டும்தான் இருக்கிறது.